வண்டிக்குள் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டுவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஏழு பேர் உட்காரும் வண்டி. வருடத்துக்கு மூன்று நான்கு முறை சென்னையிலிருந்து நாகர்கோவில் போவோம், ஏறக்குறைய 700 கிலோமீட்டர், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பின்னால் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும். அதற்காகத்தான் ஃபயர் டிவி ஸ்டிக் (திரையில் சொருகினால் நெட்டில் வரும் படங்களைக் காட்டும் அமேசானின் சின்னக் கருவி) ஒன்றையும் ஒரு திரையையும் நானே மாட்டினேன். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள், அடுக்ககத்தில் இருப்பவர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று எல்லோரும் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கார்ல ஏற்கெனவே பெரிய டச் ஸ்கிரீன் இருக்கே, அதுலயே படம் வராதா?

முன்னால் இருக்கும் திரை ஓட்டுபவரின் கண் முன்னால் இருக்கிறது. அதனால்தான் போனை அந்தத் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேவும் வண்டி ஓடும்போது வீடியோ காட்டுவதில்லை. அது குறை இல்லை, வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு.

நான் சொல்வது பின்சீட்டுக்கான ஏற்பாடு. அதற்கு நான்கு விஷயம் வேண்டும்: ஸ்டிக், ஒரு திரை, ஒழுங்கான கரண்ட், நெட். ஸ்டிக்கைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். தகராறு செய்வது மற்ற மூன்றும்தான்.

எந்த மாதிரி ஸ்கிரீன் வாங்கணும்?

வாங்குவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கைச் சொருகும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா? இல்லையென்றால் அப்படியே வைத்துவிடுங்கள். கார் ஆக்சஸரீஸ் கடைகளில் விற்கும் ஹெட்ரெஸ்ட் திரைகளில் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஒயர் மட்டும்தான் இருக்கும். “ஒரு கன்வெர்ட்டர் போட்டா போதும் சார்” என்பார்கள். ஸ்டிக்கிலிருந்து வரும் படத்தில் நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டு இருக்கிறது. விலை குறைந்த கன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. ஸ்டிக்கின் மெனு வரும், படத்தைப் போட்டால் திரை கறுப்பாகிவிடும்.

இரண்டாவது, திரை 12 வோல்ட் டிசியில் ஓடுவதாக இருக்கட்டும். வீட்டு டிவி மாதிரி 230 வோல்ட் கேட்பதை வாங்கினால் இன்வெர்ட்டர் வைக்க வேண்டும், அது சூடும் இரைச்சலும் கூடுதல் செலவும்தான். மூன்றாவது, ஹெட்போன் துளை. அது ஏன் என்று பிறகு சத்தம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். பத்து அங்குலம் தாராளம்.

4கே ஸ்டிக்தான் வாங்கணுமா?

வேண்டாம். பத்து அங்குலத் திரையில் 4கேவுக்கும் எச்டிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ஸ்டிக் போதும்.

வண்டியில இருக்குற யூஎஸ்பியில ஸ்டிக்கைச் சொருகிட்டா போதாதா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்டிக்கோடு வரும் அடாப்டரில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். முன்னால் பாட்டுக் கேட்கவும் போனை இணைக்கவும் வைத்திருக்கும் யூஎஸ்பி துளை பல வண்டிகளில் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் முதலில் எழுந்துகொள்ளும், லோகோ வரும், ஏதாவது ஒரு படத்தைத் தொட்டதும் மறுபடி லோகோ. சில நேரம் கரண்ட் போதவில்லை என்று திரையிலேயே சொல்லிவிடும், சில நேரம் சொல்லாமல் படம் விட்டுவிட்டு வரும், நாம் நெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சிகரெட் லைட்டர் என்று நாம் சொல்லும் 12 வோல்ட் சாக்கெட்டில் ஒரு நல்ல சார்ஜரைப் போட்டு அதிலிருந்து ஸ்டிக்குக்குக் கரண்ட் கொடுங்கள். ஒரு துளைக்கு 2.4 ஆம்பியர் தரும் சார்ஜர் எளிதாகக் கிடைக்கிறது. நடுசீட்டுக்கு அருகிலேயே சாக்கெட் இருக்கும் வண்டி என்றால் வேலை பாதி முடிந்தது. கேபிளையும் கவனியுங்கள், மெல்லிசான மூன்று மீட்டர் கேபிளில் கரண்ட் போய்ச் சேருவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். நான் முதலில் போட்டது அப்படி ஒரு கேபிள்தான், இரண்டு நாள் சார்ஜர் மேல் சந்தேகப்பட்டு, கேபிளை மாற்றியதும் சரியானது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஸ்டிக் ஆஃப் ஆகிடுது, கெட்டுப்போச்சா?

கெடவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுழற்றும் அந்த நொடியில் பேட்டரியின் சக்தி முழுவதும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகிறது, பெரும்பாலான வண்டிகளில் சாக்கெட்டை அப்போது வண்டியே துண்டித்துவிடும். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, அப்புறம் ஸ்டிக்குக்குக் கரண்ட் கொடுத்தால் போதும். சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் சிலவற்றில் ஒவ்வொரு சிக்னலிலும் இது நடக்கும். அந்த வசதியை அணைக்க டேஷ்போர்டில் ஒரு பட்டன் இருக்கும், பயணம் தொடங்கும்போது அழுத்திவிடுங்கள்.

இதனால பேட்டரி இறங்கிடுமா?

வண்டி ஓடும்போது கவலையே வேண்டாம், இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தருவதில் இது ஒரு துளி. நிறுத்திய பிறகுதான் பிரச்சினை. ஸ்டிக்கும் திரையும் சேர்ந்து சுமார் 15 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 12 வோல்ட்டில் அது ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல். இரவு பத்து மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போயிருக்கும். சின்ன வண்டிகளில் பேட்டரியே 35 முதல் 45 ஆம்பியர்-அவர்தான், பழைய பேட்டரி என்றால் அதுவும் முழுதாக இருக்காது. காலையில் வண்டி எழாமல் போக இது போதும்.

சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சார்ஜரின் விளக்கு எரிகிறதென்றால் உங்கள் சாக்கெட் எப்போதும் கரண்ட் உள்ள வகை. அப்போது இறங்கும்போதெல்லாம் சார்ஜரைப் பிடுங்கிவிடுவதைப் பழக்கமாக்குங்கள்.

ஒயர் எல்லாம் தொங்குது. கடையில கொடுத்து உள்ள விட்டுடலாமா?

விடலாம், ஆனால் எந்த வழியாகப் போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டுக் கொடுத்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்திவிட்டுச் சீட்டைப் பின்னால் தள்ளினேன், சட்டென்று எல்லாம் அணைந்தது. பிறகு பிரித்துப் பார்த்தால் ஒயர் சீட் நகரும் தண்டவாளத்தின் மேலேயே போயிருந்தது. சீட் ஒவ்வொரு முறை நகரும்போதும் உரசி உரசி மேல்தோல் கிழிந்து, செம்பு வெளியே வந்து, இரும்பில் தொட்டுவிட்டது. ஃபியூஸ் இருந்ததால் ஃபியூஸோடு போயிற்று. அது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, சீட் தண்டவாளத்தைத் தாண்டும் ஒயருக்குச் சுருள் குழாய் போட்டு, சீட்டை முழுக்க முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்த பிறகுதான் காசு கொடுங்கள். பக்கவாட்டுத் தூண்களில் ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் அந்தப் பக்கமே ஒயர் போகக் கூடாது, ஏர்பேக் விரியும்போது ஒயர் குறுக்கே வரும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது, அதைத் தொடவே விடாதீர்கள். வண்டியின் சொந்த ஒயரை வெட்டி ஒட்டுவதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம், பிறகு எலக்ட்ரிகல் பழுது எது வந்தாலும் வாரண்டியில் தகராறு வரும். சாக்கெட் வேண்டாம், ஃபியூஸ் பெட்டியிலிருந்தே எடுக்கலாம் என்றால், ஃபியூஸ் துளையில் சொருகும் கிளை ஒயர் கிடைக்கிறது, புது இணைப்புக்குத் தனி ஃபியூஸும் அதிலேயே இருக்கும். டேஷ்கேம் மாட்டத் தெரிந்தவருக்கு இது தெரியும்.

ஸ்கிரீனை எங்க மாட்டுறது, ஹெட்ரெஸ்ட்லயா ரெண்டு சீட்டுக்கு நடுவுலயா?

ஹெட்ரெஸ்டின் பின்னால், அதன் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொள்ளும் உலோகப் பிடியில். நடுவில் தொங்கவிட்டால் உள்கண்ணாடியில் ஓட்டுபவருக்குப் பின்பக்கம் மறையும், இரவில் திரையின் வெளிச்சம் முன்கண்ணாடியிலும் அடிக்கும். மாட்டிய பிறகு இருட்டில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கண்ணாடியிலாவது திரை மினுக்கினால் இடத்தை மாற்றுங்கள்.

உறிஞ்சு ரப்பர், ஒட்டும் நாடா வகைகளை நான் சேர்ப்பதில்லை. வெயிலில் பசை இளகும். திடீர் பிரேக்கில் அரைக் கிலோ திரை பறந்து வந்தால் குழந்தையின் முகத்துக்குத்தான் வரும். பிடியில் மாட்டியபின் இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். ஸ்டிக்கையும் திரைக்குப் பின்னால் வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள், அப்படியே தொங்கவிட்டால் குலுங்கிக் குலுங்கி எச்டிஎம்ஐ துளை தளர்ந்துவிடும்.

நெட்டுக்கு என் போன் ஹாட்ஸ்பாட் போதுமா?

போதும், ஆனால் கணக்குத் தெரிந்து போங்கள். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரை, குறைந்த தரத்தில் 0.3 ஜிபி வரை ஆகும். தினம் 2 ஜிபி திட்டத்தில் இருப்பவர் எச்டியில் போட்டால் தாம்பரத்தில் படம் தொடங்கினால் திண்டிவனம் தாண்டுவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும், நடுத்தரத்தில் வைத்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். நெட்ஃபிளிக்ஸில் இந்தத் தரத்தை ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனியாக வைக்கலாம் என்பதால், வண்டிக்கென்றே ஒரு புரொஃபைல் தொடங்கி அதில் மட்டும் குறைத்துவிட்டேன், வீட்டு டிவி பழையபடியே இருக்கிறது. ஃபயர் டிவியின் செட்டிங்ஸிலும் டேட்டா செலவைக் கணக்குப் பார்க்க டேட்டா மானிட்டரிங் என்று ஒன்று இருக்கிறது, முகப்பில் தானாக ஓடும் முன்னோட்டங்களையும் செட்டிங்ஸிலேயே அணைத்துவிடுங்கள்.

இன்னொரு வசதி: போன் ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் வீட்டு வைஃபையில் இருப்பது போலவே, எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால் ஸ்டிக் வீட்டிலும் வண்டியிலும் தானாக இணைந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் ரிமோட்டில் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு ஆபத்தும் உண்டு, வீட்டில் ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்தால் வீட்டுக் கருவிகள் போன் டேட்டாவைக் குடித்துவிடும். அடிக்கடி பயணம் என்றால் ஓட்டுபவரின் போனை நம்பாமல் வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு பாக்கெட் ரவுட்டர் வைத்துக்கொள்வது நல்லது. மேப்பும் படமும் ஒரே போனில் ஓடினால் போன் கொதிக்கும்.

சிக்னலே இல்லாத மலைப்பாதையில என்ன பண்றது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27. அந்த மாதிரி இடத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், எந்த சிம் போட்டாலும். ஸ்டிக் என்பது நெட்டுக்காகவே செய்த கருவி, அதற்குள் நெட்ஃபிளிக்ஸ் படத்தை இறக்கி வைத்துக்கொள்ள முடியாது.

வழி பென் டிரைவ். கரண்ட் வரும் வால் ஒன்று கூடுதலாக உள்ள ஓடிஜி கேபிளில் (ஸ்டிக்கின் சின்னத் துளையில் பென் டிரைவை இணைக்க உதவும் கேபிள்) பென் டிரைவைச் சேர்த்து, ஸ்டிக்கில் வீடியோ ஓட்டும் விஎல்சி ஆப்பைப் போட்டுவிட்டால் அதில் இருக்கும் வீடியோ நெட் இல்லாமலே ஓடும். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பென் டிரைவில் இருப்பவை எல்லாம் வீட்டு வீடியோக்கள்: என் கல்யாணம், பெரியவளின் முதல் பிறந்தநாள், மாமனாரின் அறுபதாம் கல்யாணம். வேறெதையும்விட அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார், ஒவ்வொரு முகமாக நிறுத்தி யார் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். நெட்டை முழுக்க அணைத்துவிட்டு இது ஓடுகிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டில் சோதியுங்கள்.

போன்ல டவுன்லோட் பண்ணினதை ஸ்கிரீனுக்கு மிரர் பண்ணினேன். சத்தம் வருது, படம் கறுப்பா இருக்கு?

திரை பற்றிய கேள்வியில் சொன்ன அதே பூட்டு விவகாரம், வேறு ரூபத்தில். நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடி ஆப்கள் பலவும் மிரரிங்கில், அதாவது போன் திரையை அப்படியே வேறு திரையில் காட்டும்போது, தங்கள் படத்தை மறைத்துவிடும். போனில் இறக்கியதைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

என்கிட்ட மொபைல் பிளான்தான் இருக்கு, ஸ்டிக்ல வருமா?

வராது. மொபைல் மட்டும் என்று இருக்கும் திட்டங்கள் போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான். அவர்கள் கணக்கில் ஸ்டிக்கும் ஒரு டிவிதான்.

வண்டியில போட்டா ‘இந்த டிவி உங்க வீட்டைச் சேர்ந்தது இல்ல’ன்னு நெட்ஃபிளிக்ஸ் சொல்லுது?

2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் பாஸ்வேர்டைப் பகிர்வதை நிறுத்தியது. அதிலிருந்து டிவி எந்த நெட்டில் இருக்கிறது என்று பார்க்கிறது. வண்டியில் ஹாட்ஸ்பாட் வேறு நெட் என்பதால் சந்தேகம் வருகிறது. பயணத்தில் இருப்பதாகச் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்து, போனுக்கோ மெயிலுக்கோ வரும் எண்ணைப் போட்டால் தற்காலிகமாகத் திறக்கும். அவசரத்தில் ‘இதையே வீடாக மாற்று’ என்று அழுத்திவிடாதீர்கள், அப்புறம் வீட்டு டிவி வெளியே நிற்கும். மாதம் ஒரு முறையாவது ஸ்டிக்கை வீட்டுக்குள் எடுத்து வந்து வீட்டு வைஃபையில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்துவிடுங்கள். அப்டேட்களும் அப்போதே இறங்கிவிடும், ஹாட்ஸ்பாட்டில் இறங்கி டேட்டாவைத் தின்னாது.

சத்தத்தைக் கார் ஸ்பீக்கர்ல கொண்டுவர முடியுமா?

முடியும். வண்டியின் ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை (வெளியிலிருந்து சத்தத்தை ஒயரில் கொடுக்கும் துளை) இருந்தால் திரையின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர், இல்லையென்றால் ப்ளூடூத். ப்ளூடூத்தில் உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் என்று சில வண்டிகளில் தள்ளிப்போகும், மேப் சொல்லும் குரலும் போன் அழைப்பும் அடிபடும். ஆக்ஸ் ஒயரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘கொய்ங்’ என்று ஏறும் சத்தம் வந்தால், அது ஆல்டர்னேட்டர் இரைச்சல், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியை இடையில் போட்டால் நிற்கும்.

ஆனால் என் விருப்பம் ஹெட்போன்தான். திரையின் துளையில் இரண்டாகப் பிரிக்கும் ஒரு பின்னைப் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒயர் ஹெட்போன். சண்டைக் காட்சியின் ஹாரன் சத்தமும் ரோட்டில் வரும் ஹாரன் சத்தமும் ஓட்டுபவர் காதில் கலக்கவே கூடாது.

போலீஸ் பிடிப்பாங்களா?

பின்சீட்டில் இருப்பவர்கள் படம் பார்ப்பதற்குத் தடை இல்லை. ஓட்டுநருக்குத்தான். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி ஓட்டும்போது அவர் வீடியோ பார்க்கக் கூடாது, வழி பார்க்கும் மேப்புக்கு மட்டும் விலக்கு. திரை எங்கே இருக்கிறது என்பது முக்கியம் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகள் திரைக்கு அருகில் போக பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், அதைக் கவனியுங்கள். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், 14 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். எங்கள் வண்டியில் பெல்ட் கழன்றால் படம் நிற்கும், இதில் கெஞ்சலுக்கு இடமில்லை.

ஹேண்ட்பிரேக் ஒயரை பைபாஸ் பண்ணினா முன் ஸ்கிரீன்லயே ஓடும்போது படம் வரும்னு கடையில சொல்றாங்க, பண்ணலாமா?

வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு நிற்கும்போது மட்டும் படம் காட்டும் கட்டுப்பாட்டை ஏமாற்றுவதுதான் அது. அதே கட்டுப்பாட்டைத் தாண்டக் கார்ப்ளே துளையில் சொருகும் ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்கும் இதே பதில்தான். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம், நம் ஊர் நெடுஞ்சாலையில் அந்த 50 மீட்டருக்குள் ஒரு மாடு, எதிர்த்திசையில் ஒரு பைக், ஒரு யூ டர்ன் எது வேண்டுமானாலும் இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் இருக்கிறார்கள்.

படம் பார்த்தா சின்னவனுக்கு வாந்தி வருது, என்ன பண்ணலாம்?

வண்டி அசைவது காதுக்குள் தெரிகிறது, கண்ணோ அசையாத ஒரு திரையில் இருக்கிறது, அந்த முரண்பாடுதான் குமட்டுகிறது. மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பதைவிடக் கண் உயரத்தில் இருக்கும் திரை பரவாயில்லை. அப்படியும் வந்தால் அந்தக் குழந்தைக்கு வண்டியில் படம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுங்கள், பாட்டோ கதையோ கேட்கட்டும். வளைவுப் பாதை தொடங்கியதும் எல்லோருக்கும் திரையை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். சாப்பிட்ட உடனேயும் போடுவதில்லை.

வெயில்ல நிறுத்தினா ஸ்டிக் போயிடுமா?

ஸ்டிக்கைவிடப் பவர் பேங்க், டேப் போன்ற லித்தியம் பேட்டரி உள்ளவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும், அவற்றை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுப்போகவே கூடாது. ஸ்டிக், திரை இரண்டையும் கொதிக்கும் வண்டிக்குள் ஏறியவுடன் போடாமல் ஏசி ஓடிக் கொஞ்சம் குளிர்ந்தபின் போடுங்கள்.

இவ்வளவு வேலைக்கு ஒரு டேப் போதாதா?

ஒரே பிள்ளை, எப்போதாவது பயணம் என்றால் டேப்பும் ஒரு ஹெட்ரெஸ்ட் பிடியும் போதும், முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் நெட்டும் வேண்டாம், அதையே செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கும் வேண்டும் என்றால் ஸ்டிக். டேப்பைத் தேய்த்துப் பழகாத என் அம்மாவுக்கு ரிமோட் இருப்பது பெரிய விஷயமாக இருந்தது.

பிள்ளைங்க ஊரையே பார்க்காம ஸ்கிரீனையே பார்த்துட்டு வருவாங்களே?

எனக்கும் இருந்த கவலைதான். பகலில் இரண்டு மணி நேரம், இருட்டிய பிறகு ஒரு படம், அவ்வளவுதான் எங்கள் அளவு. அதோடு சில இடங்களில் கட்டாயம் அணைப்போம்: காவிரி, தாமிரபரணி பாலங்கள், திருநெல்வேலியைத் தாண்டியபின் வரும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள். முதல் காற்றாடி தெரியும்போது பெரியவளே ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு எண்ணத் தொடங்குகிறாள், நாகர்கோவில் வரும்வரை மறுபடி போடக் கேட்பதில்லை.

வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது அப்படியே விட்டுடலாமா?

ஸ்டிக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு விடுங்கள். அதில் உங்கள் அமேசான் கணக்கு திறந்தபடி இருக்கிறது. சர்வீஸ் ஆட்களிடம் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், சீட்டைக் கழற்றும்போது அறுபடாது. வண்டியை விற்பதென்றால் ஃபியூஸ் பெட்டியில் போட்ட கிளை ஒயரையும் எடுத்து, பழைய ஃபியூஸை அதன் இடத்தில் போட்டுக் கொடுங்கள். ஸ்டிக்கையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் செட்டிங்ஸில் போய்க் கணக்கிலிருந்து நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, முதல் முறை மொழி கேட்கும் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையில் கொடுங்கள்.